கடல் ஒன்று; சுங்கம் இரண்டு

நம் கடற்கரை ஊர்களின் அடுக்களைகளில் மாசிக்கு என்றும் ஓர் இடம் உண்டு. காயல்பட்டினமாயினும் கீழக்கரையாயினும், கடல் கடந்த கொழும்பாயினும், இடித்த மாசியோடு தேங்காயும் மிளகாயும் கூட்டிச் செய்யும் சம்பலை அறியாத வீடு அரிது. விறகுக் கட்டைபோல் கறுத்து இறுகிய அந்த மீன் துண்டு எங்கிருந்து வருகிறது, அதைப் பிடித்தவர் யார், அவருக்குக் கிடைத்த விலை என்ன என்றெல்லாம் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தால், உலக வணிகத்தின் ஒரு பெரும் பாடம் அந்தச் சிறு துண்டிலிருந்தே நமக்குக் கிடைக்கும்.

மாசியின் தாயகம் மாலத்தீவு. அந்நாட்டுத் திவேஹி மொழியில் மீனுக்கு ‘மஸ்’ என்று பெயர். சூரை மீனைக் கீறி, அவித்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்தி ஆக்கும் இப்பண்டம் பல நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து விற்பனையாகி வந்துள்ளது. கி.பி. 1343-ஆம் ஆண்டில் அங்குச் சென்று காஜியாகவும் பணியாற்றிய உலகப் பயணி இப்னு பதூதா, இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் ஏற்றுமதியானதைத் தமது பயண நூலில் குறித்திருக்கிறார். ஆக, மாலத்தீவு மக்களுக்கு ஏற்றுமதி என்பது புதிய கலையன்று. ஏறத்தாழ 1,190 தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. மொத்த நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 5 லட்சத்துக்குச் சற்று மேல். நெல் விளையாத, இரும்பு கிடைக்காத அந்த மணல் திட்டுகளுக்கு இறைவன் அருளிய செல்வம் கடலே. இன்று சுற்றுலாவே அந்நாட்டின் முதல் வருவாய் என்றாலும், கப்பலேறி வெளிநாடு செல்லும் உள்நாட்டுச் சரக்கு என்று பார்த்தால் அநேகமாக எல்லாமே மீன்தான்.

இத்தகைய நாட்டின் மீன் உலகச் சந்தையில் எந்த விலைக்குப் போகும் என்பதை எது தீர்மானிக்கிறது? மீனின் தரமா? மீனவரின் உழைப்பா? இவையிரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த நாடு எந்த வணிகக் கூட்டில் அங்கம் வகிக்கிறது என்பது இவ்விரண்டையும் விஞ்சி நிற்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

ஒரே வாசலை நம்பிய காலம்

1970-களின் தொடக்கம் வரை மாலத்தீவு மாசியின் பெரும் சந்தை இலங்கைதான். மீனைக் கொடுத்து, அரிசியும் துணியும் சர்க்கரையும் வாங்கி வருவது அத்தீவினரின் வழக்கம். அந்நாளில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கித் தன் இறக்குமதிகளைச் சுருக்கியது. மாசி இறக்குமதியும் சுருங்கியது. அவ்வளவுதான், ஒரே வாசலை நம்பியிருந்த ஒரு நாடு திகைத்து நின்றது.

அத்திகைப்பிலிருந்தே ஒரு புதிய பாதை பிறந்தது. தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தும் பணி 1974-இல் தொடங்கிற்று. (நம் தோணியேதான் அங்கும் ‘தோனி’ என்று வழங்குகிறது!) ஜப்பானிய நிறுவனங்கள் வந்து மீனைப் பச்சையாகவே வாங்கிக் குளிரூட்டி எடுத்துச் சென்றன. 1970-களின் இறுதியில் லவியானி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஃபெலிவருவில் மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை எழுந்தது. உலர்ந்த மாசியோடு நின்றிருந்த நாடு, டின் மீனையும் உறைமீனையும் ஐரோப்பாவுக்கும் தாய்லாந்துக்கும் அனுப்பும் நாடாக மாறியது. வாசல்கள் பெருகின. ஆனால், ஒவ்வொரு வாசலிலும் ஒரு சுங்கச் சாவடி இருந்தது.

வணிகக் கூட்டு என்பது என்ன?

வேறு நாட்டுச் சரக்கு தன் எல்லைக்குள் வரும்போது ஒரு நாடு விதிக்கும் வரியே சுங்கத் தீர்வை. பல நாடுகள் ஒன்றுகூடி, ‘நமக்குள் தீர்வை வேண்டாம், அல்லது குறைவாக இருக்கட்டும்’ என்று உடன்பாடு செய்துகொண்டால், அதுவே வணிகக் கூட்டு. ஐரோப்பிய ஒன்றியம் இதில் மிக நெருங்கிய வகை. அதன் உறுப்பு நாடுகளுக்குள் சுங்கமே இல்லை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே தீர்வையையே விதிக்கின்றன. நம் தெற்காசிய நாடுகளின் சாஃப்டா உடன்பாடு தளர்ந்த வகை. தீர்வையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டுமே அது.

கூட்டின் உள்ளே இருப்பவருக்குச் சலுகை என்றால், வெளியே இருப்பவருக்குப் பாதகம் என்பதே அதன் மறுபொருள். பெரிய நாடு வெளியே நின்றாலும் தாக்குப் பிடிக்கும். அதற்கு உள்நாட்டிலேயே கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் உண்டு. பேரம் பேசும் வலுவும் உண்டு. 5 லட்சம் பேர் வாழும் நாடு தான் பிடிக்கும் மீனையெல்லாம் தானே உண்டு தீர்க்க முடியுமா? அது விற்றே ஆக வேண்டும். ஆகவேதான் கூட்டின் உள்ளே, வெளியே என்னும் வேறுபாடு சிறிய நாட்டுக்கு வாழ்வா தாழ்வா என்னும் கேள்வியாகிவிடுகிறது.

கூப்பிடு தூரத்தில் ஓர் அண்டை வீடு

மாலத்தீவின் தலைநகர் மாலேயிலிருந்து தென்மேற்கே 2,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் செஷல்ஸ் என்னும் தீவு நாடு இருக்கிறது. கடல் கணக்கில் இதை அண்டை வீடு என்றே சொல்லலாம். அங்கும் தீவுகள், அங்கும் சுற்றுலா, அங்கும் சூரை மீன். மக்கள் தொகையோ 1 லட்சத்தைச் சற்றே தாண்டும். இந்தியப் பெருங்கடலில் சுற்றித் திரியும் சூரைக் கூட்டம், ‘இது மாலத்தீவுக் கடல், அது செஷல்ஸ் கடல்’ என்று எல்லை பார்த்து நீந்துவதில்லை. மீன் ஒன்றுதான். எனினும், ஐரோப்பியத் துறைமுகத்தில் இறங்கும்போது அம்மீனின் தலையெழுத்து வேறாகிவிடுகிறது. அதன் காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1975-ஆம் ஆண்டில், அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஆப்பிரிக்கா, கரீபியன், பசிபிக் ஆகிய பகுதிகளிலிருந்த நாடுகளோடு டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. தம் பழைய குடியேற்ற நாடுகளின் சரக்குகள் பெரும்பாலும் தீர்வையின்றி ஐரோப்பாவுக்குள் வர அவ்வொப்பந்தம் வழி செய்தது. 1976-இல் விடுதலை பெற்ற செஷல்ஸ், ஆப்பிரிக்க நாடு என்னும் முறையில் அந்த வட்டத்தில் சேர்ந்தது. மாலத்தீவும் 1965 வரை பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த நாடுதான். ஆயினும் அது ஆசியாவின் கணக்கில் எழுதப்பட்டது. லோமே வட்டத்தில் ஆசியாவுக்கு இடமில்லை. நிலவரைபடத்தில் இழுத்த ஒரு கோடு இரு தீவு நாடுகளையும் வெவ்வேறு வரிசைகளில் நிறுத்திவிட்டது.

அவ்வரிசையில் நின்றதன் பலன் செஷல்ஸுக்கு விரைவிலேயே கிட்டிற்று. 1987-இல் தலைநகர் விக்டோரியாவின் துறைமுகத்தில் ஒரு டின் மீன் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1995-இல் ஹைன்ஸ் என்னும் அமெரிக்க உணவு நிறுவனம் அதில் பெரும்பங்கை வாங்கியது. பின்னர் அது தாய்லாந்தின் தாய் யூனியன் குழுமத்திடம் சென்றது. உலகின் பெரிய சூரை டின் தொழிற்சாலைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் இத்துணைச் சிறிய தீவைத் தேடி வந்ததற்கு மீன் மட்டுமா காரணம்? அங்கு அடைத்த டின், தீர்வையின்றி ஐரோப்பியக் கடைத்தெருவுக்குப் போகும் என்னும் உறுதியும் பெரிய காரணம். தொழிற்சாலை எந்த ஊரில் எழ வேண்டும் என்பதையே சுங்கப் பட்டியல் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

காலம் மாறி, லோமே ஏற்பாடு முடிவுக்கு வந்த பின்னும் செஷல்ஸ் தனித்து விடப்படவில்லை. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கக் குழுவில் சேர்ந்து நின்றே அது ஐரோப்பாவுடன் பேசியது. 2009-இல் மொரீஷியஸ், மடகாஸ்கர், ஜிம்பாப்வே ஆகியவற்றோடு கூடி ஓர் இடைக்கால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2012 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. மற்றொரு முஸ்லிம் தீவு நாடான கொமொரோஸும் பின்னர் அதில் இணைந்தது. தனியே போனால் வாயிற்காப்போன்கூடத் திரும்பிப் பார்க்காத சிறிய நாடுகள், கூடிப் போனபோது உள்ளே அழைக்கப்பட்டன.

முன்னேறியதற்கு ஒரு தண்டனையா?

மாலத்தீவுக்கு ஐரோப்பாவில் வழியே இல்லாமல் போயிற்றோ என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, ஆனால் அது வேறொரு வழி. ஐக்கிய நாடுகள் அவை, உலகின் மிக வறிய நாடுகளை ‘மிகப் பின்தங்கிய நாடுகள்’ என்று பட்டியலிட்டிருக்கிறது. அப்பட்டியலிலுள்ள நாடுகளின் சரக்குகளுள், ஆயுதங்கள் தவிர மற்றெல்லாவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2001-ஆம் ஆண்டு முதல் தீர்வை விலக்கு அளித்தது. பட்டியலில் இருந்த மாலத்தீவும் அதனால் பயன்பெற்றது.

ஆனால், இது உறுப்பினர் உரிமையன்று. ஏழைக்குக் காட்டிய இரக்கம். ஏழ்மை நீங்கினால் இரக்கமும் நீங்கும். மாலத்தீவோ சுற்றுலாவால் நிமிர்ந்து கொண்டிருந்தது. தனிநபர் வருமானத்திலும், கல்வி, உடல்நலம் முதலிய மனித வளத்திலும் அது உரிய எல்லையைத் தாண்டிவிட்டது. அதிர்ச்சிகளைத் தாங்கும் வலிமையில் மட்டும் தாண்டவில்லை. மூன்றில் இரண்டில் தேறினால் போதும் என்பது விதி. எனவே, 2004 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை, மாலத்தீவைப் பட்டியலிலிருந்து உயர்த்துவதெனத் தீர்மானித்தது.

ஆறே நாட்கள் கழிந்தன. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அத்தீவுகளின் மேல் புரண்டது. அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 62 விழுக்காட்டுக்கு நிகரான சேதம் விளைந்தது. எதைத் தாண்டவில்லையோ, அந்த மூன்றாம் அளவுகோலின் பொருளைக் கடலே உலகுக்கு உணர்த்திற்று. உயர்வு மூன்றாண்டுகள் தள்ளி வைக்கப்பட்டு, 2011 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பா மேலும் மூன்றாண்டு அவகாசம் தந்தது. 2013-ஆம் ஆண்டோடு அதுவும் முடிந்தது. பொதுவான சலுகைத் திட்டத்தின் கீழாவது ஏதேனும் கிடைக்குமா என்றால், உலக வங்கியின் கணிப்பில் தொடர்ந்து மூன்றாண்டுகள் மேல்நடுத்தர வருவாய் நாடாக இருப்பவற்றுக்கு அதுவும் இல்லை என்று புதிய விதி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்துவிட்டது. ஒரே புத்தாண்டில் இரு கதவுகளும் சாத்தப்பட்டன.

நூறு ரூபாய்க் கணக்கு

கதவு சாத்தப்பட்டது என்றால் என்ன பொருள்? எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். டின்னில் அடைத்த சூரைக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் பொதுத் தீர்வை 24 விழுக்காடு. செஷல்ஸ் டின்கள் கொண்ட ஒரு பெட்டி 100 ரூபாய் மதிப்பில் ஐரோப்பியத் துறைமுகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தீர்வை இல்லை, வாங்கியவரின் அடக்கவிலை 100 ரூபாய். அதே 100 ரூபாய் மதிப்புள்ள மாலத்தீவுப் பெட்டி இறங்கினால், 24 ரூபாய் தீர்வை சேர்ந்து அடக்கவிலை 124 ரூபாய் ஆகிறது. இரு டின்களும் ஒரே அலமாரியில் ஒரே விலையில் நிற்க வேண்டுமாயின், மாலத்தீவு வணிகர் தம் சரக்கை ஏறத்தாழ 80 ரூபாய் 65 காசுக்குத் தர வேண்டும்.

குறையும் அந்த 19 ரூபாய் 35 காசு யாருடைய பையிலிருந்து போகும்? கப்பல் வாடகை குறையாது. டின் தகடும் எண்ணெயும் இறக்குமதிச் சரக்கு, அவற்றின் விலையும் குறையாது. இறுதியில் கைவைக்க முடிந்தது தொழிற்சாலையின் இலாபத்திலும், கடற்கரையில் மீனவருக்குத் தரும் விலையிலும்தான். தோணியில் கிடைக்கும் வருவாயை உரிமையாளரும் தலைவனும் ஆட்களும் பங்கு பிரித்துக்கொள்வது அங்குள்ள வழக்கம். விலை இறங்கினால் பங்கும் இறங்கும். பிரஸ்ஸல்ஸ் நகரில் அச்சாகும் ஒரு சுங்கப் பட்டியல், மாலத்தீவின் ஏதோ ஒரு மூலையில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவைத் தொட்டுவிடுகிறது.

இதைவிட நுட்பமான மற்றொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பியத் தொழிற்சாலைகள் டின்னில் அடைப்பதற்காக வாங்கும் முழு மீனுக்கு அங்கே தீர்வை இல்லை. அடைத்துக் கொண்டுவந்தாலோ 24 விழுக்காடு! ‘மூலப்பொருளைக் கொண்டு வா, வரவேற்கிறோம், பண்டமாக்கிக் கொண்டு வந்தால் வரி கட்டு’ என்பதே இதன் உட்கருத்து. பருத்தியை விற்றுத் துணியை வாங்கிய நம் முன்னோரின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. மாலத்தீவின் வரிச்சூரையில் பெரும்பகுதி உறைமீனாகத் தாய்லாந்துக்குச் செல்கிறது. அங்கேதான் அது வெட்டி, அவித்து, டின்னில் அடைக்கப்படுகிறது. மீன் மாலத்தீவினுடையது, தொழிற்சாலைக் கூலியும் அதன் இலாபமும் தாய்லாந்தினுடையவை.

இதில் மனத்தை உறுத்தும் முரண் ஒன்று இருக்கிறது. மாலத்தீவு மீனவர்கள் தூண்டிற்கோலால் ஒவ்வொரு மீனாக இழுத்துப் பிடிப்பவர்கள். ஆமைகள் சிக்கி மடிவது மிக அரிதான முறை அது. 2012-ஆம் ஆண்டிலேயே அவர்களது வரிச்சூரை மீன்பிடிப்புக்கு மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் பன்னாட்டுச் சான்று கிடைத்துவிட்டது. செஷல்ஸ் தொழிற்சாலைக்கு மீன் தருபவை பெரும்பாலும் ஸ்பானிய, பிரெஞ்சு முதலாளிகளின் பெருங்கப்பல்கள். அவை பயன்படுத்துவது, நம் மீனவர்களிடையே ஓயாத சர்ச்சைக்குரிய சுருக்குமடி வலை. சொந்த நாட்டார் சொந்தத் தோணியில் தூண்டிலால் பிடித்த மீனுக்குத் தீர்வை. அயலார் கப்பலில் வலையால் வாரிய மீனுக்கு விலக்கு! ஐரோப்பிய வாடிக்கையாளர் பலர் தூண்டில் மீனைத் தேடி வாங்குகிறார்கள் என்பது உண்மை. ஆயினும், அவர்களது நல்லெண்ணத்துக்கும் அலமாரிக்கும் நடுவே சுங்கச் சாவடி நிற்கிறது.

தெற்காசியக் கூட்டு தந்தது என்ன?

‘மாலத்தீவும் ஒரு கூட்டில் இருக்கிறதே, சார்க் அமைப்பை மறந்துவிட்டீர்களா?’ என்று வாசகர்களுள் சிலர் கேட்கக்கூடும். மறக்கவில்லை. 1985-இல் டாக்காவில் சார்க் தொடங்கப்பட்டபோதே மாலத்தீவு அதன் உறுப்பினர். 2004-இல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி, 2006 முதல் நடைமுறைக்கு வந்த சாஃப்டா உடன்பாட்டில் அதற்கென்றே ஒரு தனி விதி உண்டு. ஐ.நா. பட்டியலிலிருந்து உயர்ந்துவிட்டாலும், மிகப் பின்தங்கிய நாடுகளுக்குரிய சலுகை மாலத்தீவுக்குக் குறையாது என்பதே அவ்விதி. ஐரோப்பா தராத பெருந்தன்மையைத் தெற்காசியா ஏட்டில் எழுதித் தந்தது. 2011-இல் இந்தியா, இந்நாடுகளுக்கான விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலை 25 இனங்களாகச் சுருக்கியது. மது, புகையிலை போன்றவையே அதில் எஞ்சின.

கதவு திறந்தது, உள்ளே வாங்குவார் வேண்டுமே! இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் சொந்த மீன்வளம் உண்டு. ஐரோப்பியரைப் போல் டின் சூரையை நாள்தோறும் உண்ணும் வழக்கமும் இங்கில்லை. மாசியை விரும்பி வாங்கும் இலங்கையோ, தனக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் இறக்குமதிப் பொருள்களின் மேல் வரியைக் கூட்டிக் கொள்கிறது. மேலும், தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகம், அவற்றின் மொத்த வணிகத்தில் 5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. 2014-ஆம் ஆண்டில் காத்மாண்டுவில் கூடிய உச்சிமாநாட்டுக்குப் பின் தலைவர்கள் கூடாமலே ஆண்டுகள் பல உருண்டோடின. அண்டை வீட்டார் இருவர் பேசிக்கொள்ளாவிட்டால், தெருக்கோடியிலுள்ள சிறிய வீட்டுக்காரனின் வியாபாரமும் அல்லவா படுத்துவிடுகிறது!

உலக வணிக அமைப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாலத்தீவு அதில் 1995-லேயே சேர்ந்துவிட்டது. செஷல்ஸ் சேர்ந்தது 2015-இல்தான். பெரிய கூரையின் கீழ் 20 ஆண்டுகள் முந்தி நின்றும் மாலத்தீவின் டின்னுக்கு விலக்குக் கிட்டவில்லை. ஏனெனில், நாம் கண்ட 24 விழுக்காடு என்பது அந்தப் பெரிய கூரையின் கீழிருக்கும் எல்லாருக்கும் உரிய பொதுத் தீர்வையே. உறுப்பினராவது மட்டும் போதாது. எந்தக் கூட்டில், எந்தச் சரக்கை வாங்குவோருடன் உறுப்பினராகிறோம் என்பதே ஏற்றுமதியைத் தீர்மானிக்கிறது.

கூரைக்கும் வாடகை உண்டு

இவ்வளவும் படித்தபின், ‘செஷல்ஸின் வாழ்வே வாழ்வு’ என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கூட்டின் நிழலுக்கும் விலை இருக்கிறது.

முதலாவது, பிறப்பிட விதி. ஐரோப்பாவுக்குள் தீர்வையின்றிச் செல்லும் டின்னில் உள்ள மீன், ஐரோப்பியக் கப்பலோ ஒப்பந்த நாடுகளின் கப்பலோ பிடித்ததாக இருக்க வேண்டும். வேறு கப்பலில் மலிவாக மீன் கிடைத்தாலும் வாங்கி அடைத்து அனுப்பிவிட முடியாது. இவ்விதியிலிருந்து விலக்காக அக்குழு முழுவதற்கும் ஆண்டுக்கு 8,000 டன் டின் சூரை மட்டுமே அனுமதிக்கப்பட்டது. ஆகவே, தொழிற்சாலை செஷல்ஸில் இருந்தாலும், அதன் உயிர்நாடி ஐரோப்பியக் கப்பல்களின் கையில் இருக்கிறது.

இரண்டாவது, சலுகையின் தேய்மானம். எனக்கு மட்டும் விலக்கு என்றால் அதற்கு மதிப்பு; ஊருக்கெல்லாம் விலக்கு என்றால் ஏது மதிப்பு? பாப்புவா நியூகினி, பிலிப்பைன்ஸ், எக்குவடோர் என்று சூரை அடைக்கும் வேறு பல நாடுகளுக்கும் ஐரோப்பா படிப்படியாகத் தீர்வையை நீக்கித் தந்துவிட்டது. அவை பெரிய நாடுகள். கூலி குறைந்த நாடுகள். செஷல்ஸின் பழைய சலுகை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து வருகிறது.

மூன்றாவது, கொடுக்க வேண்டிய விலை. நாம் தீர்வையின்றி விற்க வேண்டுமாயின், பெரும்பாலும் நாமும் தீர்வையின்றி வாங்க வேண்டும். அரிசி முதல் ஆணி வரை இறக்குமதி செய்யும் தீவு நாட்டுக்கு, இறக்குமதித் தீர்வை அரசுக் கருவூலத்தின் முக்கிய வரவு. மாலத்தீவு 2017 டிசம்பரில் சீனாவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்தது. அடுத்து வந்த அரசு அதைக் கிடப்பில் போட்டது. அதற்கும் அடுத்த அரசு உயிர்ப்பித்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சீனாவிடமிருந்து மாலத்தீவு வாங்குவது மிகப் பெரிது. அங்கு விற்பதோ மிகச் சிறிது. இத்தகைய ஒப்பந்தத்தில், விட்டுக்கொடுக்கும் வரி வருவாய்க்கு ஈடாக மீன் ஏற்றுமதி வளர்ந்தால்தான் கணக்கு நேராகும். 2025 ஜூலையில் இந்தியாவுடனும் தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்கான பேச்சு வரையறை ஒப்புக்கொள்ளப்பட்டது. வாசல்களைப் பெருக்கிக்கொள்ள அந்நாடு முயல்கிறது என்பதையே இவை காட்டுகின்றன. இலங்கையை மட்டும் நம்பி ஏமாந்த அந்நாளை அது மறந்துவிடவில்லை போலும்!

நாம் கொள்ள வேண்டிய பாடம்

வாசகர்களே! எங்கோ கடல் நடுவே கிடக்கும் இரு தீவுகளின் கதை நமக்கெதற்கு என்று எண்ணாதீர்கள். மாலேயின் சந்தையில் விற்கும் காய்கறியும், அங்கு எழும் கட்டடங்களுக்கான சரக்கும் தூத்துக்குடியிலிருந்து தோணியேறிப் போவதை நம்மில் பலர் அறிவோம். அவர்களது கையில் காசு புழங்கினால்தான் நம் வணிகமும் தழைக்கும்.

வங்கதேசத்தையும் நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவின் அதே சலுகையைக் கொண்டுதான் அந்நாடு ஆயத்த ஆடைத் தொழிலை மலையென வளர்த்தது. இலட்சக்கணக்கான பெண்கள் அத்தொழிலால் குடும்பம் காக்கிறார்கள். ஐ.நா. பொதுச்சபை 2021-இல் எடுத்த முடிவு, அந்நாடு மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பரை நாளாகக் குறித்தது. மாலத்தீவு நடந்த பாதையில் அதனினும் பன்மடங்கு பெரிய ஒரு நாடு காலெடுத்து வைக்க நேர்ந்தது. உயர்வு வரும் நாளை முன்கூட்டியே அறிந்து, உரிய கூட்டில் இடம் தேடிக்கொள்ளாத நாடு, உயர்ந்த நாளிலேயே சறுக்கும் என்பது மாலத்தீவு தரும் எச்சரிக்கை.

நாளிதழில், ‘இன்ன நாட்டுடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது’ என்னும் தலைப்பைக் காணும்போது, பக்கத்தைப் புரட்டிவிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். திறக்கும் கதவுக்கு அப்பால் நம் சரக்கை வாங்குவார் இருக்கிறார்களா? நாம் பண்டமாக்கி அனுப்பினாலும் கதவு திறந்திருக்குமா, மூலப்பொருளுக்கு மட்டும்தானா? இது உரிமையாகக் கிடைத்ததா, இரக்கத்தால் கிடைத்ததா? இம்மூன்றுக்கும் விடை கண்டவர் அந்த ஒப்பந்தத்தின் தரத்தைத் தாமே எடைபோட்டுவிடலாம். வணிகத்தில் வளர்ந்த சமுதாயம் நம்முடையது. சரக்கின் தரத்தைத் தொட்டுப் பார்த்தே அறியும் திறன் நம் முன்னோருக்கு இருந்தது. இன்றைய இளைஞர்கள் அத்துடன் சுங்கப் பட்டியலையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுமதித் தொழிலில் இறங்க விரும்பும் பிள்ளைகளுக்கு, எந்தச் சரக்குக்கு எந்த நாட்டில் என்ன தீர்வை, எந்த ஒப்பந்தத்தில் என்ன விலக்கு என்னும் அறிவு, முதலீட்டுக்கு நிகரான முதல்.

தூண்டிற்கோலை ஏந்தி விடியலில் கடலேறும் மாலத்தீவு மீனவர் கேட்பது தருமமன்று. அண்டைத் தீவின் டின்னுக்குத் திறக்கும் கதவு தம் டின்னுக்கும் திறக்க வேண்டும் என்பதுதான். அக்கதவு மீனின் சுவையைப் பார்த்துத் திறப்பதில்லை. யாரோடு கூடி வந்து தட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்தே திறக்கிறது.